மூன்று விநாடிகளும் ஒரு கோலும்

நமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் வெற்றிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். விளையாட்டு வரலாறு பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, தோல்விகளைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். அதிலும் ஒரே ஒரு புள்ளியில் வந்த தோல்விகளைப் பற்றி. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டம் அடுத்த வாரமே மறந்துவிடும். ஒரு புள்ளியில் தோற்று, அதிலும் மத்தியஸ்தரின் தீர்ப்பில் சந்தேகம் இருந்துவிட்டால், அது ஆயுள் முழுவதும் கூடவே வரும். கொழும்பிலோ, லண்டனிலோ, டொரொன்டோவிலோ நம் பழைய மாணவியர் நாலு பேர் கூடினால் போதும், ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும்.

இந்த வகைத் தோல்விகளில் உலகம் அதிகம் பேசியது 1972ஆம் ஆண்டின் மியூனிக் ஒலிம்பிக் கூடைப்பந்தாட்ட இறுதிப்போட்டி. திம்புள்ளப் பாடசாலை ஒன்றின் மலருக்கும் மியூனிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

கூடையும் வலையும்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் விளையாட ஓர் ஆட்டம் தேடினார். பீச் பழம் போடும் கூடைகள் இரண்டை மேல்மாடத்தில் அடித்து மாட்டி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அதுதான் கூடைப்பந்தாட்டம். சில ஆண்டுகளுக்குள் அது இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்குப் போனது. நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் ஓடி ஓடிப் பந்தைத் தட்டிச் செல்வது இயலாது என்பதால், பந்தைக் கைமாற்றி ஆடும் முறை வந்தது. மைதானம் மூன்றாகப் பிரிந்தது. கூடைக்குப் பதில் வளையம் வந்தது. வலைப்பந்தாட்டம் அப்படிப் பிறந்த தங்கைதான். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை அதற்குப் பெயரே ‘பெண்கள் கூடைப்பந்தாட்டம்’ என்றுதான் இருந்தது.

பிரித்தானியர் காலத்தில் பெண்கள் பாடசாலைகள் வழியாக அந்தத் தங்கை இலங்கைக்கும் வந்து சேர்ந்தாள். ஒரு நாட்டில் அணிக்கு ஐவர், இன்னொரு நாட்டில் எழுவர், வேறொரு நாட்டில் ஒன்பதின்மர் என்று ஆளுக்கொரு விதியில் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, எல்லோருக்கும் பொதுவான ஒரே விதியை வகுக்கவும் சர்வதேச சம்மேளனத்தை அமைக்கவும் தீர்மானித்தார்கள். அந்தக் கூட்டம் நடந்தது நம் இலங்கையில். இது நம்மில் பலர் அறியாத செய்தி. உலகமெங்கும் பெண் பிள்ளைகள் ஒரே விதியில் வலைப்பந்து ஆடுவதற்கான அடித்தளம் இந்தத் தீவிலே போடப்பட்டது.

பொது விதி வந்ததும் முதல் உலகப் போட்டி 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் நடந்தது. அதில் அவுஸ்திரேலியா நியூசிலாந்தை 37–36 என்று ஒரே கோலால் வென்றது. 1999இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்திலும் அதே இரு நாடுகள், அதே ஒரு கோல்: 42–41. 2018இல் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவை 52–51 என்று வென்றது. கடைசி விநாடியில் கிடைத்த தண்ட எறிதலை ஹெலன் ஹவுஸ்பி போட்டார். ஒரு கோலில் உலகமே மாறும் என்பதை இந்த ஆட்டம் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம் மலைச்சரிவில் மைதானம் என்பதே மலையை வெட்டித் தட்டையாக்கிய ஒரு துண்டு நிலம். பந்து எல்லைக்கு வெளியே போனால் தேயிலைச் செடிகளுக்குள் இரண்டு மூன்று கான் தாண்டி உருண்டுவிடும். மழைக்காலத்தில் பனி இறங்கினால் மறுமுனைக் கம்பமே கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த நமக்கு, ‘மத்தியஸ்தருக்குக் கண் தெரியவில்லை’ என்ற குற்றச்சாட்டில் சில நாள் உண்மையும் இருந்தது.

மியூனிக், 1972

இனி அந்த ஆட்டத்துக்கு வருவோம். இலங்கையில் அதை நேரில் தொலைக்காட்சியில் பார்த்தவர் எவரும் இல்லை. நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான்.

ஒலிம்பிக்கில் கூடைப்பந்தாட்டம் 1936இல் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து ஏழு முறையும் ஆண்களுக்கான தங்கப்பதக்கம் அமெரிக்காவுக்கே. 63 ஆட்டங்களில் ஒன்றில்கூட அது தோற்றதில்லை. எதிரே சோவியத் ஒன்றியம். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். போதாததற்கு, சில நாட்களுக்கு முன் செப்டெம்பர் 5, 6ஆம் தேதிகளில் இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டிருந்தார்கள். நிறுத்தி வைக்கப்பட்டுப் பிறகு தொடர்ந்த விளையாட்டு விழாவில், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஏற்ற நேரமாக, செப்டெம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில் இறுதியாட்டம் தொடங்கியது.

பாதி ஆட்டத்தில் சோவியத் 26–21 என முன்னிலை. பத்து நிமிடமே மிச்சம் இருந்தபோது அமெரிக்கா பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தது. பிறகுதான் அது துரத்தத் தொடங்கியது. கடைசி விநாடிகளில் சோவியத் 49–48 என்று ஒரு புள்ளி முன்னால். அப்போது சோவியத் வீரர் அலெக்சாண்டர் பெலோவ் எறிந்த பந்தை அமெரிக்காவின் டக் கொலின்ஸ் இடையில் பறித்துக்கொண்டு கூடையை நோக்கி ஓடினார். அவரைத் தடுத்து விழுத்தினார்கள். விழுந்தவர் கூடைக் கம்பத்தின் அடியில் மோதினார். எழுந்து வந்து, மிச்சம் மூன்று விநாடி இருக்கையில், தண்ட எறிதல் இரண்டையும் போட்டார். முதலாவதில் 49–49. இரண்டாவதில் 50–49. அந்த ஆட்டத்தில் அமெரிக்கா முதன்முறையாக முன்னால் வந்தது அப்போதுதான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கொலின்ஸ் இரண்டாவது எறிதலுக்குக் கையை உயர்த்தும் நேரத்தில் மேசையிலிருந்து ஊதல் ஒலித்தது. தாங்கள் இடைநிறுத்தம் கேட்டிருந்ததாகவும் மேசையில் இருந்தவர்கள் அதை உரிய நேரத்தில் தரவில்லை என்றும் சோவியத் பயிற்சியாளர்கள் சொன்னார்கள். அன்றைய விதிப்படி இரண்டாவது எறிதல் முடிந்த பிறகு இடைநிறுத்தம் கிடையாது. பந்து உள்ளே எறியப்பட்டது. பயிற்சியாளர்கள் மேசைக்கு ஓடினார்கள். குழப்பத்தைக் கண்ட பிரேசில் மத்தியஸ்தர் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத்தை நிறுத்தினார். கடிகாரத்தில் ஒரு விநாடி.

அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து சர்வதேச கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்தார். மூன்று விநாடியைத் திரும்பக் கொடுங்கள் என்றார். சம்மேளனத்தில் அவர் வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை. ஆனால் நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் தலையிட அவருக்கு விதிப்புத்தகத்தில் அதிகாரம் எதுவும் இல்லை.

இரண்டாம் முறை பந்து உள்ளே எறியப்பட்டபோது கடிகாரம் இன்னும் சரியாகத் திருப்பி வைக்கப்படவில்லை. சோவியத் எறிந்த நீண்ட பந்து கூடையைச் சேரவில்லை. ஊதல் ஒலித்தது. அமெரிக்கர்கள் வென்றுவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் வந்துவிட்டது. மீண்டும் ஜோன்ஸ். மீண்டும் மூன்று விநாடி.

மூன்றாம் முறை இவான் எதேஷ்கோ மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பந்தை எறிந்தார். இரண்டு அமெரிக்கர்களுக்கு நடுவில் எழும்பிப் பந்தைப் பிடித்தவர், சற்று முன் பந்தைப் பறிகொடுத்த அதே பெலோவ். திரும்பினார், போட்டார். 51–50.

யார் சொன்னது சரி?

அமெரிக்கா முறையிட்டது. ஐவர் கொண்ட முறையீட்டுக் குழு கூடியது. முறையீடு 3–2 என்று தள்ளுபடியானது. தள்ளுபடி செய்தவர்கள் ஹங்கேரி, போலந்து, கியூபா ஆகிய நாட்டவர். மூன்றும் சோவியத் அணியைச் சேர்ந்த நாடுகள். அமெரிக்காவின் பக்கம் நின்றவர்கள் இத்தாலி, புவேர்ட்டோ ரிக்கோ. தரவரிசை பார்த்து, கொடி பார்த்துத் தீர்ப்பு வந்துவிட்டது என்ற சந்தேகம் அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை. மத்தியஸ்தர் ரிகெட்டோ புள்ளித்தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இரு தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைத்துப் பார்ப்போம். சோவியத் தரப்பில் நியாயம் உண்டு. ஆட்டத்தின் பெரும்பகுதி முன்னால் நின்றவர்கள் அவர்கள். எறிதலின் நடுவில் ஊதல் ஒலித்தது மேசையின் தவறு. கேட்ட இடைநிறுத்தத்தை உரிய நேரத்தில் தராததும் மேசையின் தவறு. மேசையின் தவறுக்கு விளையாடுபவர் ஏன் நட்டப்பட வேண்டும்? அமெரிக்கத் தரப்பிலும் நியாயம் உண்டு. இடைநிறுத்தம் தர விதி இடம் கொடுக்காத நேரத்தில் ஆட்டம் நின்றது. நின்றபோது மிச்சம் இருந்தது ஒரு விநாடி. அதை மூன்றாக்கியவர் அதிகாரம் இல்லாதவர். அதையும் ஒரு முறை அல்ல, இரண்டு முறை செய்தார்.

என் கணிப்பு இது. அந்த இரவில் வீரர் எவரும் விதியை மீறி வெல்லவில்லை. பெலோவின் எறிதல் சுத்தமானது. பிழைத்தது மேசை. கடிகாரத்தைப் பிடித்தவரும், ஊதலை அழுத்தியவரும், அவர்களுக்கு மேலே இருந்து கட்டளையிட்டவரும் தங்கள் வேலையை விதிப்படி செய்திருந்தால், எந்த அணி வென்றிருந்தாலும் இந்தப் பேச்சு இருந்திருக்காது.

பார்ப்பவர்களாகிய நம்மையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காட்சியைக் கண்டு கை அசைவதற்கு மனித உடலுக்குச் சுமார் ஐந்தில் ஒரு விநாடி வேண்டும். மூன்று விநாடிக்காகச் சண்டை போடுமிடத்தில் அது சிறிய அளவில்லை. அதைவிடப் பெரிய கோளாறு மனதில் இருக்கிறது. 1951இல் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரு அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முரட்டுத்தனமான கால்பந்தாட்டம் ஒன்றின் படச்சுருளை, ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் இரு கல்லூரி மாணவருக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களை எண்ணியபோது, பிரின்ஸ்டன் மாணவர் கண்ட தொகை டார்ட்மத் மாணவர் கண்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பார்த்தது ஒரே படம்தான். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்டதைத்தான் அவரவர் சொன்னார்கள்.

தோற்றவர் செய்தது

அமெரிக்க வீரர்கள் 12 பேரும் பதக்க மேடைக்கு வரவில்லை. வெள்ளிப்பதக்கத்தைத் தொட மறுத்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த மறுப்பு மாறவில்லை. அணித் தலைவர் கென்னி டேவிஸ், தம் காலத்துக்குப் பிறகும் மனைவியோ பிள்ளைகளோ அந்தப் பதக்கத்தை ஏற்கக் கூடாது என்று உயிலிலேயே எழுதிவைத்தார்.

அதே மியூனிக்கில் மறுநாள் செப்டெம்பர் 10ஆம் தேதி ஹொக்கி இறுதியாட்டம். மேற்கு ஜெர்மனியிடம் பாகிஸ்தான் 1–0 என்று தோற்றது. அங்கும் மத்தியஸ்தர்கள் மீதே குற்றச்சாட்டு. ஆனால் அங்கே ஆத்திரம் வேறு வழியில் போனது. பாகிஸ்தான் தரப்பினர் மேசையைத் தாக்கினார்கள், சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத் தலைவர் மேல் தண்ணீரைக் கொட்டினார்கள், பதக்கத்தை அவமதித்தார்கள். வீரர்களுக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது; பின்னால் அது நீக்கப்பட்டது. அந்த ஆட்டத்தின் தீர்ப்புகள் சரியா பிழையா என்று இன்று பேசுவோர் குறைவு. கொட்டிய தண்ணீரைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நியாயம் இருந்திருந்தாலும் அது அந்தத் தண்ணீரோடு போய்விட்டது.

வென்றவர் கதையையும் சொல்லிவிட வேண்டும். பெலோவ் அதிக காலம் வாழவில்லை. 1978இல், 26 வயதில், இதயத்தில் வந்த அரிய புற்றுநோயால் இறந்தார். ரஷ்யாவில் 2017இல் அந்த மூன்று விநாடிகளைப் பற்றிய திரைப்படம் வந்து பெரும் வசூல் கண்டது. அமெரிக்காவில் திருட்டு என்று சொல்லப்படுவது அங்கே வீரகாவியம். ஒரே ஆட்டம், இரு நாடுகளில் இரு வரலாறுகளாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்டியில் பிறந்த ஒருவர்

மியூனிக் போட்டி நடந்த அதே 1972இல், ஏப்ரல் 17ஆம் தேதி, கண்டியில் ஒரு குழந்தை பிறந்தது. அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இங்கு வந்தவர். முத்தையா முரளிதரனின் கதை கிரிக்கெட் கதையாக இருந்தாலும், மத்தியஸ்தத் தகராறு என்று வந்தால் நம் மலையகத்துக்கு அதைவிட நெருங்கிய பாடம் வேறில்லை.

1995 டிசம்பர் 26ஆம் தேதி மெல்பேர்ன் மைதானத்தில், நடுவர் டெரல் ஹெயார் அவருடைய பந்துவீச்சை ஏழு முறை ‘நோ-போல்’ என்று அறிவித்தார். பந்தை வீசுகிறார் என்பதற்குப் பதிலாக எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. ஒரு வைத்தியராக எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுவதும் நிமிராதது. மடங்கியே இருக்கும் கை சுழலும்போது, தூரத்தில் நிற்கும் கண்ணுக்கு அது நிமிர்வது போலத் தோன்றக்கூடும். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் அவருடைய கை அளக்கப்பட்டு, பந்துவீச அனுமதி கிடைத்தது.

1999 ஜனவரியில் அடிலெய்டில் மீண்டும் அதே அறிவிப்பு, இம்முறை வேறு நடுவர். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். அங்கே நின்று வாதாடினார். ஆனால் கோட்டைத் தாண்டிப் போகவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்து எடுத்த 302 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை, ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க வென்றது. கோட்டின் உட்புறம் நின்றபடி எதிர்ப்புத் தெரிவிக்கவும் முடியும், ஆட்டத்தை ஆடி முடிக்கவும் முடியும் என்பதற்கு அது சான்று.

அளவு என்பது இருபுறமும் வெட்டும். 2004இல் அவருடைய ‘தூஸ்ரா’ பந்து அளக்கப்பட்டபோது, சுழற்பந்துக்கு அன்றிருந்த 5 பாகை எல்லையை அது தாண்டியது. அந்தப் பந்தை வீச வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஆனால் அதே கருவிகளால் மற்றவர்களையும் அளந்தபோது, குற்றமே சொல்லப்படாத வேகப்பந்து வீச்சாளர் பலரும் கையை நிமிர்த்துவது தெரியவந்தது. 2005இல் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்று விதி மாறியது. 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு அவர் விடைபெற்றார்.

கூடைப்பந்திலும் அப்படித்தான் திருத்தம் வந்தது. இன்று கடைசி நிமிடத்தில் கடிகாரம் விநாடியின் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிறது. நேரம் முடிந்ததும் கூடைப் பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிகிறது. சந்தேகம் வந்தால் மத்தியஸ்தர் காட்சியை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். மேலே உட்கார்ந்திருப்பவர் இறங்கி வந்து விரலைக் காட்டி நேரத்தை நிர்ணயிக்கும் காலம் போய்விட்டது.

தராசின் முன்னால்

இவ்வளவும் தூரத்துக் கதைகள். ஆனால் மத்தியஸ்தத் தகராறு என்றால் என்ன என்று நம் தாய்மாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நமக்குக் கூடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது தலையில் கயிற்றை மாட்டி முதுகில் தொங்கவிட்ட கொழுந்துக் கூடைதான். பகல் முழுவதும் மழையிலும் வெயிலிலும் பறித்த கொழுந்து கடைசியில் தராசுக்கு வரும். நிறுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். சாக்கின் நிறைக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, முற்றிய இலைக்குக் கழிவு. குறித்த அளவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். ஒரு நாள் முழுக்க உழைத்து, ஒரு கிலோவில் பாதி நாளை இழப்பது எப்படியிருக்கும் என்று என் அம்மாவுக்குத் தெரியும். உங்களில் பலருடைய அம்மாவுக்கும் தெரியும். தராசின் முள் எங்கே நின்றது என்று எட்டிப் பார்க்க அந்தப் பெண்களுக்கு இடமில்லை. எழுதியதை வாசிக்கப் பலருக்கு எழுத்தும் தெரியாது.

நம் மைதானத்தில் ஒரு கோலுக்காக நாம் அவ்வளவு கொதித்ததன் காரணம் அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நாம் தராசின் பிள்ளைகள். அளவுகோல் எப்போதும் மற்றவர் கையில் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

1990களின் நடுப்பகுதியில் மாகாண மட்டத்தில் நாம் ஒரு கோலால் தோற்ற வலைப்பந்தாட்டத்தை என் வயதொத்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். நான் அன்று மேலதிக வீராங்கனையாக எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருந்தேன். நம் கோல் ஷூட்டர் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. விசிலும் ஒலித்தது. மத்தியஸ்தர் கோல் இல்லை என்றார். அன்று முதல் இன்று வரை நம் ஒன்றுகூடல்களில் கேட்கும் வாதம் ஒன்றே: ‘விசில் ஊத முன்னமே பந்து கையை விட்டுப் போயிட்டு!’

அந்த வாதம் கூடைப்பந்தாட்டத்தில் செல்லும். அங்கே நேரம் முடியுமுன் பந்து கையை விட்டுக் கிளம்பியிருந்தால் போதும். வலைப்பந்தாட்ட விதி வேறு. விசில் ஒலிக்குமுன் பந்து வளையத்தை முழுவதுமாகக் கடந்திருக்க வேண்டும். இல்லையேல் கோல் இல்லை. அக்காவின் விதியை வைத்துத் தங்கையின் ஆட்டத்துக்கு இத்தனை வருடம் தீர்ப்புச் சொல்லப்பட்டிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, விசில் ஒலித்த கணத்தில் பந்து வளையத்துக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்பதுதான். அதற்குப் பதில் சொல்லக்கூடிய குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. நாம் சார்பில் யாரும் எழுதிவைக்கவில்லை. விதியைச் சுட்டி யாரும் முறையிடவுமில்லை. பாடசாலைக்குத் திரும்பிய பஸ்ஸில் அழுதோம், அவ்வளவுதான்.

அது அநியாயமாக இருந்திருக்கலாம். நியாயமாகவும் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று சொல்ல முடியாதபடி விட்டதுதான் எனக்கு அந்தத் தோல்வியைவிடப் பெரிய இழப்பாகப் படுகிறது. மியூனிக் ஆட்டத்தைப் பற்றி இன்றும் நாம் நியாயம் பேச முடிகிறதென்றால், காரணம் அதன் ஒவ்வொரு விநாடிக்கும் சாட்சி இருப்பதுதான். கையெழுத்தில்லாத புள்ளித்தாள்கூட ஒரு சாட்சி. வைத்தியசாலையில் எனக்கு இது நாளாந்தப் பாடம். நோயாளிக்கு மருந்து கொடுத்த நேரத்தைக் குறித்துவைக்காவிட்டால், மறுநாள் என்ன நடந்ததென்று எவ்வளவு பேசினாலும் பயனில்லை.

விசில் யார் கையில்?

யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலக வலைப்பந்தாட்டப் போட்டியிலும் 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்திலும் கோல் எறிவதில் உலகத்தையே வியக்க வைத்தார். அவரைப் பார்த்து வளையத்தின் கீழ் நிற்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் மலைகளில் இன்று நிறைய உண்டு. மகிழ்ச்சி. ஆனால் விசிலைக் கையில் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொரு ஆட்டத்திலும் இரு அணிக்கும் எழுவர். அவர்களைத் தவிர இரண்டு மத்தியஸ்தர், புள்ளி எழுதுவோர், நேரம் பார்ப்போர். அந்த மேசைக்கும் விசிலுக்கும் நம் பிள்ளைகள் போய்ச் சேர வேண்டும்.

எனவே பழைய மாணவியர் சங்கத்துக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. நூற்றாண்டு நினைவாகக் கேடயம் கொடுப்பதோடு, நடைமுறையில் உள்ள வலைப்பந்தாட்ட விதிநூலையும் அதன் தமிழ் விளக்கத்தையும் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். ஆண்டுதோறும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலரை மத்தியஸ்தர் பயிற்சிக்கு அனுப்பும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போட்டிக்கும் நம் தரப்பில் நேரமும் புள்ளியும் எழுத ஒரு பிள்ளையையும் ஒரு கொப்பியையும் ஒதுக்குங்கள்.

அடுத்த நூறு ஆண்டில் இந்தப் பாடசாலை எத்தனையோ ஆட்டங்களில் ஒரு கோலால் தோற்கும். ஒரு கோலால் வெல்லவும் செய்யும். அந்த ஒரு கோல் எந்த விநாடியில் விழுந்தது, யார் கண்டார், எந்த விதிப்படி என்று நம் பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் எழுதியதைக் காட்ட முடியுமானால், தோற்ற அன்றும் அவர்கள் தலை நிமிர்ந்து பஸ் ஏறுவார்கள்.